கரப்பான் உள்ள பிள்ளையை மண்ணில் விளையாட விட்டால் சரியாகிவிடுமா?

வத்தளையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு இரண்டு வயது. நாலாம் மாதத்தில் கன்னத்தில் தொடங்கிய கரப்பான், அதாவது எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய், இப்போது முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வந்து நிற்கிறது. மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மாமியார், "பிள்ளையை ஆறு மாசம் என்கிட்ட விடு, மண்ணுல புரண்டு மாட்டுப் பட்டியில விளையாடினா தன்னால போயிரும்" என்கிறாராம். கணவரோ, பின்லாந்தில் பாலர் பாடசாலை முற்றத்தில் காட்டு மண்ணைப் பரப்பிச் செய்த ஆய்வு பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு, அம்மா சொல்வது விஞ்ஞானம்தான் என்கிறாராம். அனுப்பலாமா என்பது கேள்வி. அடுத்த பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம் என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மண்ணோடும் மாட்டோடும் வளரும் பிள்ளைக்குக் கரப்பான் வராமல் இருக்குமா என்பது ஒன்று. வந்துவிட்ட கரப்பானை மண் ஆற்றுமா என்பது வேறொன்று. முதலாவதற்குப் பதில், ஓரளவு இருக்கலாம் என்பது. இரண்டாவதற்கு, ஆற்றும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நான் தோல் நிபுணர் அல்ல. நுவரெலியா மாவட்டத்து அரசாங்க வைத்தியசாலைகளிலும் தோட்டத்துப் பிள்ளைகள் கிளினிக்குகளிலும் 22 வருடம் வேலை செய்த சாதாரண டாக்டர். உங்கள் மகளை நான் பார்க்கவும் இல்லை. அந்த அளவோடு இதை வாசியுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'நான் ரொம்பச் சுத்தமாக வளர்த்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனதா?' இப்படிக் கண் கலங்கிக் கேட்காத தாயை நான் கிளினிக்கில் கண்டது குறைவு. இல்லை, தங்கச்சி. கரப்பானில் பெரும் பங்கு பிறப்போடு வருவது. மேல்தோலை இறுக்கிப் பிடித்து ஈரத்தை உள்ளே வைத்திருக்க ஃபிலாக்ரின் என்றொரு புரதம் தேவை. அதற்கான மரபணு பழுதாக இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்புக் கூடும் என்று 2006 இல் கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி அந்தத் தோல். உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியில் இருப்பது உள்ளே வரும். நாலு மாதக் குழந்தையை நீங்கள் எந்தச் சவர்க்காரத்தில் குளிப்பாட்டினீர்கள் என்பது அந்தச் சுவரைக் கொஞ்சம் உலர்த்தியிருக்கலாம். சுவரைக் கட்டியது நீங்கள் இல்லை.

"எங்க காலத்துல லயத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏது" என்று மாமியார் சொல்லக்கூடும். கரப்பான் என்ற சொல்லே நம் பாட்டிமார் தந்ததுதானே. கரப்பானுக்கென்று தனியாகத் தைலம் காய்ச்சினார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம் என்று கொடுக்காமல் வைத்தார்கள். இல்லாத நோய்க்கு யாரும் பத்தியம் வைக்க மாட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பிள்ளைகள் பிறந்து விழுந்ததே சாணி மெழுகிய தரையில். அப்படியும் வந்தது. முன்பு குறைவாக இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு வரவே வராது என்பது மட்டும் சரியில்லை.

இனி அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1989 இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர், பிரித்தானியாவில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000க்கு மேற்பட்டவர்களின் விபரங்களைப் பார்த்தார். வீட்டில் அண்ணன் அக்காமார் கூடக் கூட, பிள்ளைக்கு மூக்கடைப்பு, தும்மல் ஒவ்வாமை குறைந்திருந்தது. முதல் வயதில் வரும் கரப்பானும் அதே போக்கில் இருந்தது. பெரிய பிள்ளைகள் வீட்டுக்குள் கொண்டுவரும் தொற்றுகள் சின்னதைக் காப்பாற்றுகின்றனவோ என்று அவர் ஊகித்தார். அதிலிருந்துதான் 'அழுக்கு நல்லது' என்ற பேச்சு கிளம்பியது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். காப்பாற்றுவது சளித் தடிமனும் வயிற்றோட்டமும் அல்ல, மனிதன் ஆதியிலிருந்து கூடவே வைத்திருந்த கிருமிகள், அதாவது மண்ணிலும் மாட்டிலும் தாவரத்திலும் நம் குடலிலும் இருப்பவை. எதை எதிர்க்க வேண்டும், எதைச் சும்மா விட வேண்டும் என்று நோயெதிர்ப்புச் சக்திக்கு அவை சின்ன வயதில் பழக்கிக் கொடுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. நானும் இதை நம்புகிறேன்.

நம்புவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பரம்பரை, சாப்பாடு, குடும்ப அளவு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டுப் பக்கத்திலேயே மாட்டையும் குதிரையையும் கட்டிப் பழைய முறையில் விவசாயம் செய்கிறார்கள், மற்றவர்கள் பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருக்கிறார்கள். 2016 இல் வந்த ஆய்வு ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம் என்று எடுத்துக் காட்டியது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பக்டீரியாவின் எச்சம் ஏழு மடங்குக்குக் கிட்டே இருந்தது. ஆனால் நான் சொன்ன எண் ஆஸ்துமாவுக்கு. கரப்பானுக்கு வரும்போது இந்தப் பண்ணை ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலவற்றில் குறைகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. வீடியோ போடுகிறவர்கள் ஆஸ்துமா, மூக்குத் தும்மல், கரப்பான் எல்லாவற்றையும் 'அலர்ஜி' என்ற ஒரே பையில் போட்டுவிடுவதால் இந்த இடம் மறைந்துபோகிறது.

உங்கள் கணவர் பார்த்தது பெரும்பாலும் 2020 இல் வந்த ஆய்வாக இருக்கும். மூன்று முதல் ஐந்து வயதுவரையான 75 பிள்ளைகள். சில பாலர் பாடசாலைகளின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் கொண்டுவந்து போட்டு, 28 நாள் விளையாட விட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் தோலில் கிருமிகளின் வகைகள் பெருகின. அழற்சியை அடக்கும் பக்கமாக இரத்தத்திலும் சில மாற்றங்கள் தெரிந்தன. அருமையான ஆய்வு, எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் கரப்பான் உள்ள பிள்ளைகளைச் சேர்த்து அது ஆறியதா என்று பார்க்க நடத்தப்பட்டதல்ல அது. இரத்தத்தில் நல்ல அறிகுறி தெரிவதற்கும் பிள்ளை இரவில் சொறியாமல் தூங்குவதற்கும் நடுவில் இன்னும் எத்தனையோ படிகள் இருக்கின்றன.

வந்துவிட்ட நோயைக் கிருமி கொண்டு ஆற்றும் முயற்சிகளும் நடந்தன. ஆரோக்கியமான மனிதத் தோலிலிருந்து எடுத்த ஒரு பக்டீரியாவைக் கரப்பான் மேல் தெளித்துப் பார்த்தார்கள். 2018 இல் பத்துப் பெரியவர்கள், ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்த முதல் ஆய்வு மிக நன்றாக வந்தது. அதைப் பெரிதாக்கி, கிருமி சேராத வெறும் தெளிப்போடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2021 இல் முடிந்தபோது சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வாயால் கொடுக்கும் புரோபயாட்டிக், அதாவது நல்ல கிருமி சேர்ந்த மருந்துகளும் அப்படித்தான். 2018 இல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, வந்த கரப்பானுக்கு அவை செய்யும் நன்மை மிகச் சொற்பம் என்றே முடிந்தது. ஆய்வுகூடத்தில் தெரிவுசெய்து சுத்தமாக வளர்த்த கிருமிக்கே இந்த நிலைமை என்றால், பட்டிச் சாணியிடம் அதைவிடக் கூடுதலாக நான் எதிர்பார்க்கவில்லை.

வெடித்த தோலில் முதலில் குடியேறுவது நல்ல கிருமியும் அல்ல. ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி, கரப்பான் உள்ள பத்துப் பேரில் ஏழு பேரின் புண்ணில் இருக்கிறது. அதன் நச்சு அரிப்பைக் கூட்டும், பிள்ளை சொறியும், தோல் இன்னும் வெடிக்கும், அது இன்னும் பெருகும். ஒரு தடவை எட்டு மாதப் பிள்ளை ஒன்றுக்கு வேப்பிலையும் புற்று மண்ணும் குழைத்துப் பூசிக் கூட்டி வந்தார்கள். காய்ந்த மண் முழங்கால் மடிப்பில் ஓடு மாதிரி இறுகியிருந்தது. சேலைனில் நனைத்து நனைத்து எடுக்க முக்கால் மணிநேரம் ஆனது. எடுத்த இடமெல்லாம் மஞ்சள் பொருக்கு, கீழே சீழ். காய்ச்சல் 39 பாகை. ஒரு வாரம் வார்டில் இருந்தார்கள். பூசிய பாட்டி அந்த வாரம் முழுதும் கட்டிலடியிலேயே இருந்தார், பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருந்தார். நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்ணில் விளையாடுவது வேறு, திறந்த புண்ணில் மண் படுவது வேறு.

தோட்டத்து மண்ணும் பின்லாந்துக் காட்டு மண்ணும் ஒன்றல்ல. தேயிலை மலையில் களைகொல்லி அடிக்கிறார்கள், மரக்கறித் தோட்டங்களில் பூச்சிமருந்தும் பச்சைக் கோழி எருவும் போடுகிறார்கள். லயத்தடியில் கழிவுநீர் ஓடும் கானும் பிள்ளைகள் விளையாடும் இடமும் பல தோட்டங்களில் பக்கத்துப் பக்கம். வெறுங்காலில் கொக்கிப்புழு ஏறும். குடற்புழு தோட்டப் பகுதிகளில் இன்னும் ஒழியவில்லை, பள்ளிக்கூடங்களில் பூச்சி மாத்திரை கொடுப்பது அதனால்தான். இயற்கை நல்லது என்று சொல்கிறவர்கள் எந்த இயற்கை என்றும் சொல்ல வேண்டும்.

சொறியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலைக் குடைவதால் வரும் ஸ்கேபீஸ் என்ற தொற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் கரப்பான் என்று சொல்லி என்னிடம் வந்த பிள்ளைகளில் பலருக்கு இருந்தது அதுதான். ஒரு நாள் மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு பாட்டி பேரனைத் தூக்கி வந்தார். டவுனில் ஒரு மருந்துக் கடையில் கொடுத்த கலவைக் கிரீமை மூன்று மாதமாகப் பூசுகிறார்களாம், பூசினால் ரெண்டு நாள் அடங்குகிறதாம், விட்டால் திரும்ப வருகிறதாம். பேசிக்கொண்டே அவர் தன் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். பேரனின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். சின்னச் சின்னக் கொப்புளம், நடுவில் பென்சிலால் கீறியது போல ஒரு வளைந்த கோடு. உண்ணி தோலைக் குடைந்து போன தடம் அது. அவர்கள் இருந்த காம்பரா அறையில் ஏழு பேர், ஏழு பேருக்கும் இரவில் அரிப்பு. ஸ்டீரொயிட் சேர்ந்த கிரீம் அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிட்டது, உண்ணி அடியில் பெருகிக்கொண்டே இருந்தது. ஏழு பேரும் ஒரே இரவில் மருந்து பூசி, போர்வை துணிமணியைக் கொதிநீரில் போட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பூசியதும் போய்விட்டது. உங்கள் மகளுக்கு நாலு மாதத்திலேயே கன்னத்தில் தொடங்கி மடிப்புகளுக்கு இறங்கியிருப்பது கரப்பானின் வழமையான போக்குத்தான். அப்படியிருந்தும் வீட்டில் வேறு யாருக்காவது இரவில் அரிப்பு உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நெரிசலான காம்பராவில் ஆறு மாதம் இருந்தால், இல்லாத சொறியும் கரப்பானுக்கு மேல் ஏறிக்கொள்ளலாம்.

கால நிலையையும் யோசியுங்கள். வத்தளையில் வியர்வை அரிப்பைக் கிளப்பும். அதனால் மலைக்குப் போன முதல் வாரம் பிள்ளை தெளிந்தது போலத் தெரியும், மாமியாரும் "பார்த்தியா" என்பார். அப்புறம் ஜனவரி, பெப்ரவரியில் காய்ந்த குளிர் காற்று அடிக்கும்போது தோல் பாளம் பாளமாக வெடிக்கும். கம்பளி ஸ்வெட்டரை நேரே தோலில் போட்டால் குத்தும், உள்ளே ஒரு பருத்திச் சட்டை வேண்டும். குளிருக்கென்று ஆவி பறக்கும் சுடுதண்ணீர் ஊற்றினால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும். விறகடுப்புப் புகையும் தோலுக்கோ நெஞ்சுக்கோ ஆகாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது என்ன? சுவரைப் பூச வேண்டும். ஐந்து பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் ஈரப்பூச்சு. எவ்வளவு என்று கேட்டால், நீங்கள் நினைப்பதைவிட நிறைய. உடம்பெல்லாம் வறண்ட பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரை போகும். 30 கிராம் டியூப்பை மாதக் கணக்கில் வைத்திருந்தால் பூசவில்லை என்றே அர்த்தம். வெள்ளைப் பாரஃபின் களிம்பு மலிவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் அது ஊறிய துணி நெருப்பை இலேசில் பிடிக்கும், அடுப்படியில் கவனம். அக்வஸ் கிரீமைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். பூசி அப்படியே விடாதீர்கள், அதில் உள்ள ஒரு பொருள் சில பிள்ளைகளின் தோலை எரிச்சலாக்கும். மாமியாருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம்: சுத்தமான தேங்காயெண்ணெய். 2014 இல் பிலிப்பைன்ஸில் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில், பச்சைத் தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஒலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின் தடுப்பைக் குலைக்கிறது. தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஒன்றில் ஓர் ஆயம்மா, கரப்பான் உள்ள பிள்ளைகளின் எண்ணெய்ப் போத்தலில் பெயர் எழுதி ஜன்னலோரம் வரிசையாக வைத்திருப்பார். மத்தியானம் தூங்குமுன் ஒவ்வொருவரையும் மடியில் போட்டுப் பூசி, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நகம் வெட்டிவிடுவார். என் மருந்துச் சீட்டுகளைவிட அந்த மடி கூடுதலாக வேலை செய்தது.

சிவந்து தடித்திருக்கும் நாட்களில் டாக்டர் எழுதிய ஸ்டீரொயிட் கிரீமைப் பயப்படாமல் பூசுங்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால், விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். கெடுதல் வருவது அளவு தெரியாமல், வீரியம் கூடியதை, கடையில் கேட்டு வாங்கி முகத்தில் பூசும்போதுதான். மஞ்சள் நீர் கசிந்து பொருக்குக் கட்டினால் அடுத்த நாள் காட்டுங்கள். காய்ச்சலோடு, குத்தியெடுத்த மாதிரி ஒரே அளவுச் சின்னச் சின்னப் புண்கள் கூட்டமாகக் கிளம்பினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், இரவானாலும் சரி. அது ஹேர்பீஸ் வைரசாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

ஆகவே ஆறு மாதம் விட்டுவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வயதில் தாயைப் பிரிந்த ஏக்கம் ஒரு பக்கம், இரவில் மூன்று தரம் எழும்பிப் பூசுவது யார் என்பது இன்னொரு பக்கம். விடுமுறைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். தோல் ஆறியிருக்கும் நாளில், பூச்சுப் போட்டு, காலில் செருப்போடு, மருந்து அடிக்காத கொல்லைப் பக்கம் மண்ணைக் கிண்டட்டும். கன்றுக்குட்டியைத் தொடட்டும். விளையாடி வந்ததும் கழுவி, திரும்பப் பூசுங்கள். பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்க இந்த நோயில் எந்தக் காரணமும் இல்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளை விஷயத்தில்தான் மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் கூடுகிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2011 இல் வந்தது. கர்ப்ப காலத்தில் பண்ணை விலங்குகளோடு பழகிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வயதில் கரப்பான் குறைவாக இருந்தது. பழகியதால்தான் குறைந்தது என்று அது நிரூபிக்காது, ஆனால் பண்ணை ஆய்வுகளுக்குள் கரப்பானோடு நேரே தொடர்புள்ள தகவல் இது. அதே வருடம் உகண்டாவிலிருந்து, என்னை மிகவும் யோசிக்க வைத்த இன்னொன்று வந்தது. கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்குப் பூச்சி மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் கரப்பான் கூடியிருந்தது. இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், கிளினிக்கில் தரும் பூச்சி மாத்திரையை யாராவது எறிந்துவிடுவார்களோ என்று பயம் எனக்கு. எறியாதீர்கள். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி, பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்தான இரத்தசோகையை உண்டாக்கும். அப்படி வெளிறிய தாய்மாரைப் பிரசவ அறையில் நான் கண்டிருக்கிறேன். கரப்பானோடு வாழலாம்.

பிறந்த பிறகு, தோல் நன்றாக இருக்கும் குழந்தைக்குக் கரப்பான் வராமலிருக்க என்று தினமும் கிரீம் பூச வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 1,394 குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு முதல் வருடம் முழுதும் அப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2020 இல் வந்தது, தடுக்கவில்லை. தேவையில்லாத அன்டிபயோட்டிக் வேண்டாம். ஆறு மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கும்போது முட்டையையும், மாவாக அரைத்த கச்சானையும் (நிலக்கடலை) கரப்பான் பண்டம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். கச்சானைச் சீக்கிரம் தொடங்கினால் கச்சான் அலர்ஜி வெகுவாகக் குறைகிறது என்று 2015 இல் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. கடுமையான கரப்பான் ஏற்கெனவே இருந்தால் மட்டும் முதல் தடவை கொடுக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன், இந்தக் கர்ப்ப காலத்தில் பொகவந்தலாவைக்குப் போனால் பட்டிக்குப் போய் மாட்டுக்குப் புல் போடுங்கள், தடவிக் கொடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். பாலை மட்டும் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். மாடோ ஆடோ கன்று போடும் நேரத்தில் கிட்டப் போகாதீர்கள். பூனை மலம் கிடக்கும் மண்ணை மாமியார் கிண்டட்டும்.